தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி கைக்கு வந்தால்: முதலில் காகிதம், அப்புறம் இரும்பு, கடைசியில் விலை

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பரணைக் கூட்டினோம். பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கான்வாஸ் உறையில் இருந்தது அவருடைய டபுள் பேரல். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பன்றி வரும் காலத்தில் வாங்கியது. உறையை அவிழ்த்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "இது எவ்வளவு போகும்?"

தமிழ்நாட்டில் எஸ்டேட், பண்ணை, பழைய மிராசு வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. துப்பாக்கியை யார் பெயரில் வைத்திருக்கிறோம் என்பது முதல் கேள்வி. அது உண்மையில் என்ன துப்பாக்கி, எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் விலை பேசினால் ஏமாறலாம், வழக்கிலும் மாட்டலாம். எங்கள் வீட்டில் வரிசையை மாற்றிப்போட்டு நான் கற்றுக்கொண்டதை இங்கே சரியான வரிசையில் எழுதுகிறேன்.

கையில் எடுப்பதற்கு முன்

எத்தனை வருஷம் பரணில் கிடந்திருந்தாலும் துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் வாயை ஆள் இல்லாத பக்கம், மண் தரையைப் பார்த்து வையுங்கள். விரல் விசைப் பக்கமே போகக் கூடாது. தோளில் வைக்கும் மரக் கட்டைக்கு மேலே, குழல்கள் முடியும் இடத்தில் ஒரு லீவர் இருக்கும். அதைக் கட்டைவிரலால் வலது பக்கம் தள்ளினால் குழல்கள் மடிந்து கீழே இறங்கும், பின்பக்கத்து இரண்டு துளைகளும் தெரியும். அங்கே பித்தளைத் தலை தெரிந்தால் தோட்டா இருக்கிறது என்று பொருள். வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். லீவர் இறுகிப் போயிருந்தால் பலம் காட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

வாய் வழியாக மருந்து இடிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி என்றால் இதுகூட வேண்டாம். அதைத் திறந்து பார்க்க வழி கிடையாது. கரிமருந்து ஐம்பது வருஷம் கழித்தும் வெடிக்கும். யாரோ எப்போதோ இடித்து வைத்த மருந்து உள்ளே இருக்கலாம். விவரம் தெரிந்த ஆள் வரும்வரை அதன் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள்.

காகிதம்

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. துப்பாக்கி அந்த லைசென்ஸில் ஏற்றப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆள் இறந்துவிட்டால் துப்பாக்கி சொத்தாக வாரிசுக்கு வரலாம், ஆனால் அதை வைத்திருக்கும் உரிமை தானாக வராது. பல வீடுகளில் இதைத்தான் கவனிப்பதில்லை. "எங்க அப்பா லைசென்ஸ் இருக்கே" என்று சொல்லிக்கொண்டு நாலைந்து வருஷம் பீரோவில் வைத்திருப்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனை 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம். தோட்டாக்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதால் டிராயரில் உருளும் நாலு பழைய தோட்டாவையும் கணக்கில் சேருங்கள்.

எனவே முதல் வேலை ஒப்படைப்பது. சட்டத்தின் 21ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கலாம். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டார், துப்பாக்கி எங்கள் வீட்டில் இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறோம் என்று முதலில் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவர்கள் சொல்கிறபடி கொண்டு போங்கள். ஸ்கூட்டரில் சாக்கில் சுற்றி எடுத்துப் போய் வழியில் நடக்கும் வாகனச் சோதனையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கடையைத் தேர்ந்தெடுப்பேன். மாதாமாதம் கட்டணம் உண்டு. ஆனால் கடைக்காரர் எண்ணெய் போட்டு வைப்பார். ஸ்டேஷன் அறையில் அதற்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. எங்களுடையது ஒரு ஸ்டேஷனில் இரண்டு மழைக்காலம் நின்றது. திரும்பி வந்தபோது வலது குழலின் வெளிப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறம். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்படைத்த அன்று நாங்கள் படம் எடுத்து வைக்கவில்லை, ரசீதில் "நல்ல நிலை" என்று எழுதச் சொல்லிக் கேட்கவும் இல்லை. நீங்கள் கேளுங்கள். தயாரிப்பு, வரிசை எண், துளை அளவு, குழல் நீளம், தோட்டா எண்ணிக்கை எல்லாம் ரசீதில் ஏறட்டும்.

அடுத்தது வாரிசு லைசென்ஸ். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் 25ஆவது விதி இதைச் சொல்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்தபின் சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் அதிலேயே உண்டு. உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது ஆகியிருந்தால் அல்லது துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தால், எது முன்னால் வருகிறதோ அப்போது அவரே ஒரு வாரிசைச் சொல்லி மாற்றிக் கொடுக்கலாம். தாத்தா நல்லபடியாக இருக்கிறார் என்றால் இப்போதே செய்துவிடுங்கள். பிறகு பங்காளிகளின் கையெழுத்துக்கு அலைவது பெரிய வேலை.

மாவட்டங்களில் கலெக்டரும் சென்னையில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகள். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, பழைய லைசென்ஸ் புத்தகம், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கட்டும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை வரும். ஆயுத லைசென்ஸ்களின் தேசியப் பதிவேடு தரும் தனி அடையாள எண் (யுஐஎன்) பழைய லைசென்ஸில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாத லைசென்ஸ் செல்லாது. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. வாரிசாக வருவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மாமா மூன்றாவதாக இதைக் கேட்க முடியாது.

லைசென்ஸே இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்து இப்போதுதான் தெரிய வந்தால், ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கிகளுக்கு இது சகஜம், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படையுங்கள். அதை விற்கவோ புதைக்கவோ போகாதீர்கள்.

அடியில் இருக்கும் எழுத்து

சரி, காகித வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, துப்பாக்கி கடையில் இருக்கிறது. இப்போது கடைக்காரரை வைத்துக்கொண்டே அதைப் படித்துப் பார்க்கலாம்.

இரண்டு குழலுக்கும் நடுவில் மேலே ஓடும் பட்டையில் ஒரு பெயர் பொறித்திருக்கும். பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் கல்கத்தா முகவரியோ லண்டன் முகவரியோ இருக்கும். எங்களுடையதில் கல்கத்தா. அந்தப் பெயர் செய்தவருடையது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது விற்ற கடையின் பெயர். மாண்டன், ரோடா மாதிரி கல்கத்தாக் கடைகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றன. 1914 ஆகஸ்டில் வங்காளப் புரட்சிக்காரர்கள் 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கடத்தியது இதே ரோடா கடைக்கு வந்த சரக்கிலிருந்துதான்.

கடையில் இருந்த பழைய மிஸ்திரி எங்களுக்குச் சொன்னது: "தம்பி, மேல இருக்குற பேர யார் வேணாலும் வெட்டிக்கலாம். அடியில இருக்குற முத்திரைய ஒரு எடத்துலதான் குத்துவான்."

குழல்களுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியாக எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் தட்டையான பகுதி ஒன்று தெரியும். அங்கே சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். லண்டனில் இந்த வேலையைத் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637இலிருந்தே பார்க்கிறது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் வந்தது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்கும் இப்படி ஒன்று உண்டு.

பர்மிங்காம் துப்பாக்கி என்றால், 1904க்குப் பிறகு வந்ததில், கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்று ஆங்கில எழுத்துகள் தெரியும். இவற்றில் நாம் தேட வேண்டியது என்.பி. புகையில்லா மருந்துக்குச் சோதித்த அடையாளம் அது. அந்த முத்திரை இல்லாத பழைய குழல் கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டிருக்கலாம். இன்று கடையில் கிடைப்பதோ புகையில்லா மருந்துத் தோட்டா. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்தும் கீழே நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியம். அதன் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தையது.

அடுத்து ஒரு சின்ன வைர வடிவம், உள்ளே 12 என்ற எண். பன்னிரண்டு போர் என்கிறோமே, அதுதான். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அந்த அளவுத் துளை, சுமார் 18.5 மில்லிமீட்டர். பதினாறாக உருட்டினால் குண்டு சிறியதாகும், அதனால்தான் எண் கூடக்கூடத் துளை சின்னதாகிறது. 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது நேரடியாக அங்குல அளவு.

உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் தோட்டா அறையின், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தின் நீளம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். இப்போதைய தோட்டாக்களில் 65உம் உண்டு, 70உம் உண்டு. 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள் இடிக்காமல் போய் உட்கார்ந்துவிடும். "போகுதே, அப்ப சரிதான்" என்று நினைத்துவிடுவோம். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். வெடிக்கும் முன் வாய் மடிந்திருப்பதால் தோட்டா குட்டையாக இருக்கிறது. வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் பகுதிக்குள் நீண்டு அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். எனவே அறை நீளத்தை மிஸ்திரியை அளக்கச் சொல்லி அந்த எண்ணை லைசென்ஸ் புத்தக உறையில் எழுதி ஒட்டிவையுங்கள். எங்கள் தாத்தா இதைத் துப்பாக்கி உறையிலேயே தைத்து வைத்திருந்தார். "65 மட்டும்" என்று சிவப்பு நூல். வெகு நாள் அது ஏதோ வருஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வளையம் வளையமாகக் கோலம் தெரிந்தால்

சில பழைய குழல்களில் மேற்பரப்பில் மர ரேகை மாதிரி, வளையல் வளையலாக ஒரு கோலம் ஓடும். இதை டமாஸ்கஸ் குழல் என்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. "இது நம்ம ஊர் உருக்கு, கொடுமணல் இரும்பு" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் இல்லை. வாளுக்குப் பெயர் வாங்கித் தந்த தென்னாட்டு உருக்கு வேறு. அது மூசையில் உருக்கி எடுத்தது, கோலம் உள்ளேயிருந்தே வரும். துப்பாக்கிக் குழலின் கோலம் இரும்புப் பட்டைகளையும் உருக்குப் பட்டைகளையும் முறுக்கி, ஒரு கம்பி மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டியது. கயிறு திரிப்பது போல. ஒட்டு எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை இடத்திலும் உள்ளே துரு பிடித்திருக்கலாம், வெளியே தெரியாது. இதைச் சுவரில் மாட்டுங்கள். சுட வேண்டாம்.

இரும்பின் நிலை

மிஸ்திரி ஐந்து நிமிஷத்தில் செய்கிற சோதனைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி விஷயம் பிடிபடும்.

குழல்களைத் தனியாக எடுத்து, அடியில் இருக்கும் கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டுவார். கோயில் கைமணி மாதிரி நீட்டி ஒலித்தால் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்த ஈயப் பற்று நன்றாக இருக்கிறது. உடைந்த சட்டி மாதிரி "டொக்" என்றால் பற்று எங்கோ விட்டிருக்கிறது.

அப்புறம் வானத்தைப் பார்த்து ஒவ்வொரு குழலுக்குள்ளும் பார்ப்பார். உள்ளே வெளிச்சம் வட்ட வட்டமாக ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் வளையம் கோணினால் அங்கே நெளிவு. கரும்புள்ளிகள் தெரிந்தால் துரு தின்ற குழி. பழைய காலத்துத் தோட்டாக்கள் வெடித்தபின் குழலில் தங்கும், இரும்பை அரிக்கும் உப்பு இங்குதான் கோளாறு செய்யும். சுட்ட அன்றே கழுவாமல் விட்ட சோம்பல் ஐம்பது வருஷம் கழித்தும் தெரியும்.

மூன்றாவது சோதனை எனக்குப் பிடித்தது. முன்கட்டையை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மூடி, கட்டைக் கழுத்தைப் பிடித்து லேசாக ஆட்டுவார். குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஆட்டம் இருக்கிறதா என்று கைக்குத் தெரியும். அதன்பின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளியில் கீற்று தெரிகிறதா என்று பார்ப்பார். பர்மிங்காமில் இந்த இரண்டு பரப்பையும் எப்படிப் பொருத்தினார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டபோது பொற்கொல்லர் பட்டறைதான் ஞாபகம் வந்தது. விளக்குப் புகையில் ஒரு பரப்பைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பார்கள். மூடித் திறப்பார்கள். கரி எங்கே ஒட்டியதோ அங்கே மேடு. அதை மட்டும் ஒரு இழை அரத்தால் தேய்ப்பார்கள். மறுபடி புகை, மறுபடி மூடல். பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கரி ஒட்டும்வரை. அந்தப் பொருத்தம் தளர்ந்த துப்பாக்கியை இறுக்கலாம், ஆனால் உரிமமுள்ள நல்ல மிஸ்திரியால்தான் முடியும்.

குழல் சுவரின் தடிமனை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் கீழே எங்காவது மெலிந்திருந்தால் அனுபவமுள்ளவர்கள் அதைச் சுடச் சம்மதிக்க மாட்டார்கள். கட்டையில் பார்க்க வேண்டியது கழுத்து. கைப்பிடி மெலியும் இடத்தில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், எண்ணெய் அழுக்கு அதை மூடியிருக்கும்.

பூட்டு, அதாவது சுடும் பொறி, எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நீளமான தகடு இருந்து அதன் பின்னால் பொறி உட்கார்ந்திருந்தால் பக்கப் பூட்டு. பொறி முழுக்க நடுப்பெட்டிக்குள் அடங்கியிருந்தால் பெட்டிப் பூட்டு. 1875இல் ஆன்சன், டீலி என்ற இருவர் கொண்டுவந்தது இது. குழலை மடிக்கும்போதே உள்ளே குதிரை (தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி) ஏறிக்கொள்ளும். நம் ஊர் வீடுகளில் இருப்பதில் பெரும்பான்மை இந்த வகைதான். பக்கப் பூட்டு விலை கூடியது, பார்த்தவுடன் குதித்துவிட வேண்டாம், அலங்காரத்துக்குப் போலித் தகடு பதித்ததும் உண்டு.

எமரித் தாள்

இதற்குத் தனியாகத் தலைப்புப் போட வேண்டியிருக்கிறது. துரு படிந்து திரும்பி வந்த எங்கள் துப்பாக்கியைச் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எமரித் தாளால் தேய்த்தார். சாயங்காலம் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தது. போனது என்ன தெரியுமா? குழலின் நீலக் கறுப்புப் பூச்சு, நடுப்பெட்டியின் மேல் இருந்த பழுப்பும் நீலமும் கலந்த சூட்டு நிறம், பூ வேலையின் கூர்மை, வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தில் பாதி. வரிசை எண் தேய்ந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு லைசென்ஸ் அதிகாரி முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ரசீது இருந்ததால் தப்பித்தோம்.

பழைய துப்பாக்கியைத் தொடும் உரிமை மெல்லிய எண்ணெய்க்கும் பருத்தித் துணிக்கும் மட்டுமே. மேல்துரு போகவில்லையா, எண்ணெய் தடவி ஒரு வாரம் ஊறவிட்டு மறுபடி துடையுங்கள். அதற்கும் போகாததை அப்படியே விடுங்கள்.

நாமே செய்யலாமா, மாற்றலாமா?

முடியாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி துப்பாக்கி செய்வதற்கும், தொழிலாகப் பழுது பார்ப்பதற்கும், சோதித்துப் பார்ப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம், ஆயுள் வரை போகலாம். குழலை வெட்டிக் குட்டையாக்குவதை 6ஆவது பிரிவு தனியாகவே தடுக்கிறது. "வாய் பிதுங்கிப் போச்சு, ரெண்டு அங்குலம் அறுத்துடலாம்" என்று லேத் பட்டறையில் யாராவது சொன்னால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். சட்டத்தை விட்டாலும், வாய்ப் பக்கத்தில்தான் குழல் லேசாகக் குறுகி, தோட்டாவிலிருந்து பாயும் சின்னக் குண்டுகளை, அதாவது ரவையை, கூட்டிப் பிடிக்கிறது. அதை அறுத்தால் இருபது கெஜத்திலேயே ரவை சிதறும், விலையும் போய்விடும்.

இப்போது விலை

இணையத்தில் லண்டன் ஏலத்தில் போன விலையைப் பார்த்துவிட்டுக் கனவு காண்கிறவர்கள் அநேகம். அந்த விலை இங்கே செல்லாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகிவிடும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறுக்குக் கீழே இருந்தாலும் ஆயுத ஏற்றுமதி உரிமம் என்று தனிப் படலம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பேரன் "நான் எடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

இந்தியாவுக்குள் விலையைத் தீர்மானிப்பவர் லைசென்ஸ் கையில் வைத்திருக்கும் வாங்குபவர். அவர்கள் எண்ணிக்கை குறைவு. அதிலும் வீட்டுப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்குகிறவர்கள் கேட்பது கைத்துப்பாக்கி. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனது. அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரிவால்வர், பிஸ்டல்கள் எண்ணிக்கையில் அவ்வளவுதான், இனி அதிகமாகாது. அதனால் வெளிநாட்டில் சில நூறு டாலர் பெறும் சாதாரண ரிவால்வர் இங்கே லட்சங்களில் பேசப்படுகிறது. டபுள் பேரலுக்குக் கதை தலைகீழ். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1991 திருத்தத்தோடு வேட்டை அநேகமாக முழுக்க நின்றது. வேட்டை போனதும் வேட்டைத் துப்பாக்கியைக் கேட்க ஆள் இல்லை. நேர்த்தியான பர்மிங்காம் பெட்டிப் பூட்டுத் துப்பாக்கி சும்மா கொடுக்கிற மாதிரி விலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். தாத்தா மூன்று மாட்டை விற்று வாங்கியது என்ற கணக்கெல்லாம் வாங்குகிறவரிடம் எடுபடாது.

இந்தச் சந்தையிலும் விலையைக் கூட்டுவது சில உண்டு. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மாதிரி பெரிய பெயர் என்றால் வரிசை எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். பழைய பேரேடுகளைப் பார்த்து எந்த வருஷம், எப்படிச் செய்தது என்று சொல்வார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கடிதம் கையில் இருந்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும். அசல் பெட்டி, அதன் உள்மூடியில் ஒட்டிய சீட்டு, சுத்தம் செய்யும் கம்பி, முதல் ரசீது, பழைய லைசென்ஸ் புத்தகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். புதுப் பூச்சு அடித்தது, கட்டை மாற்றியது, குழல் அறுத்தது மூன்றும் விலையை இறக்கும். குறைந்தது இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். "கமிஷனுக்கு விற்றுத் தருகிறேன்" என்பவரையும் "இப்பவே எடுத்துக்கிறேன்" என்பவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் கடைக்காரரின் மனக் கணக்கு தெரியும்.

நேரடியாக லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்க வேண்டுமென்றால், துப்பாக்கி சட்டப்படி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து நாற்பத்தைந்து நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு துப்பாக்கியை முதலில் கொடுத்துவிடாதீர்கள்.

எந்த வழியிலும் சுட முடியாத, பழுது பார்த்தாலும் சுட வராத பழம்பொருள் என்றால் 45ஆவது பிரிவு சட்டத்திலிருந்து விலக்குத் தருகிறது. "சுட வராது" என்று நாமே முடிவு கட்டிச் சுவரில் மாட்டக் கூடாது, அதிகாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்க மனமில்லை, அல்லது புதிது வேண்டும்

தாத்தாவுடையதை வைத்துக்கொள்வதா, அதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதா என்று என்னிடம் கேட்டால், எதற்கு வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்பேன். தோட்டத்துக்கு என்றால் என்.பி. முத்திரையும் நல்ல குழலும் உள்ள பழைய 12 போர் போதும், இன்னும் ஒரு தலைமுறை ஓடும். ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது, வனத்துறை அனுமதி தனி விஷயம். பழையது தளர்ந்துவிட்டது என்றால் அரசுத் தொழிற்சாலைகளின் புதிய துப்பாக்கிகள் இருக்கின்றன. 2021 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது கான்பூர், இஷாபூர், நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அழகு பழையதின் பக்கம் வராது, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம் என்பதே வசதி.

குறி பார்த்துச் சுடும் ஆசை மட்டும்தான் என்றால் 12 போரை விட்டுவிடுங்கள். மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பியுங்கள். 4.5 மில்லிமீட்டர் ரவை, தோட்டாச் செலவு இல்லை. லைசென்ஸுக்கான பாதுகாப்புப் பயிற்சி பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு

தோல் உறைக்குள்ளோ கான்வாஸ் உறைக்குள்ளோ நிரந்தரமாக வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைக் குடிக்கும், கடற்கரை ஊர்களில் ஒரே ஐப்பசியில் துரு வந்துவிடும். பூட்டுள்ள இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு அறை. மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும். தொட்ட கையின் வேர்வைகூட மறுநாள் விரல்ரேகையாகத் துருப்பிடித்து நிற்கும், கடைசியாகத் துடைத்துவிட்டு வெறுங்கை படாமல் வையுங்கள். லைசென்ஸ் புதுப்பிப்பு இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். போகும்போது படம், ரசீது, "நல்ல நிலை".

நிறுத்தி வைக்கும்போது வாயைக் கீழே வைத்து, அடியில் ஒரு துணியை மடித்துப் போடுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கி, பூட்டைத் தாண்டிக் கட்டையின் கழுத்துக்குள் ஊறி மரத்தை மாவாக்கிவிடும். எங்களுடையதில் கட்டை கறுத்திருந்த இடத்தைக் காட்டி மிஸ்திரி சொன்னது இதுதான். இப்போது தலைகீழாகத்தான் நிற்கிறது. சிவப்பு நூல் தைத்த துண்டை உறையிலிருந்து பிரித்துப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.